அத்தியாயம் 5: மிலானில் முதல் எட்டு நாள், முதல் வருடம்

புத்தளத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் ஏ-3 வீதியில் முந்தல், சிலாபம், மாதம்பை, மாரவில தாண்டி வென்னப்புவ வந்ததும் வீதியோர வீடுகளின் தோற்றம் மாறும். இத்தாலியில் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள் அவை. 'குட்டி இத்தாலி' என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் விழுந்துவிட்டது. மிலானுக்குப் படிக்கப் போகும் நம் கரைப் பிள்ளை விமானம் ஏறுமுன் கடைசியாகப் பார்க்கும் ஊர்களில் அதுவும் ஒன்று.

அந்த வீடுகளைக் கட்டியவர்களில் பலர் ஆரம்ப வருடங்களைக் காகிதம் இல்லாமல் கழித்தவர்கள். சிலர் மீன்பிடிப் படகில் கடல் கடந்தார்கள். 1990இலும் 2002இலும் இத்தாலிய அரசு பதிவில்லாதோரை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அதுவரை வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தாலும் ஊருக்கு வந்து திரும்ப வழியில்லை.

நீங்கள் விசாவோடு போகிறீர்கள். அவர்கள் பல வருடம் காத்திருந்து பெற்றது உங்கள் கையில் முதல் நாளே இருக்கிறது. ஆனால் அதற்குத் தவணை உண்டு. தவணை தவறினால் நழுவிவிடும். இந்த அத்தியாயம் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: உங்கள் பெயரில் உள்ள காகிதத்தை நேரத்துக்கு எடுங்கள், பத்திரமாக வைத்திருங்கள். அறை, மருத்துவம், வேலை, படிப்பு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

புறப்படுமுன்: பெயரைச் சரிபாருங்கள்

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பொதுவாக இல்லை. தகப்பன் பெயரை முன்னே வைக்கிறோம். பாடசாலையில் அதை முதலெழுத்தாகச் சுருக்கிவிடுகிறார்கள். முஹம்மது என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் உயர்தரச் சான்றிதழில் வேறொன்றிலும் இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளையின் ஞானஸ்நானப் பெயர் ஒரு காகிதத்தில் இருக்கும், மற்றதில் இராது.

இத்தாலியில் இது பெரிய தொல்லையாக முடியும். அங்கே எல்லாக் காரியத்துக்கும் அடிப்படை 'கோதிச்சே ஃபிஸ்காலே' எனும் 16 எழுத்து வரி இலக்கம். அதன் முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்தும், அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்தும் வரும். பிறகு பிறந்த வருடம், மாதம், நாள். பெண்களுக்குப் பிறந்த நாளோடு 40 கூட்டுவார்கள். ஆகவே 7ஆம் திகதி பிறந்தவருக்கு 47 என்று வரும், அது பிழையல்ல. அடுத்து பிறந்த இடம்: இலங்கையில் பிறந்த எல்லோருக்கும் இசட்-209. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர், எது ஏனைய பெயர் என்று பதிந்திருக்கிறதோ அதுவே இந்த இலக்கமாக மாறும். விண்ணப்பம், வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்துங்கள். மிலானிலிருந்து புத்தளம் பிரதேச செயலகத்துக்கு ஆள் அனுப்பித் திருத்துவது பெரும்பாடு.

உயர்தர, பட்டச் சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இத்தாலிய மொழியில் பெயர்த்து வையுங்கள். விசாவுக்கு முன் 'யூனிவர்சித்தாலி' எனும் அரசு இணையத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மூலப் பிரதிகள் கைப்பையில். ஒரு பிரதித் தொகுதி பெட்டியில். இன்னொன்று உம்மாவிடமோ அம்மாவிடமோ வீட்டில்.

புலமைப்பரிசிலை இப்போதே நினையுங்கள். இத்தாலியில் ஒவ்வொரு பிராந்தியமும் குடும்ப வருமானத்தைப் பார்த்து மாணவருக்கு உதவி தருகிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தையும் வருமானத்துக்கேற்பக் குறைக்கின்றன. கரைவலைக்காரரின் பிள்ளைக்கும் உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இது பெரும் வாய்ப்பு. ஆனால் நம் வீடுகளில் சம்பளத் துண்டு கிடையாது. கிராம சேவையாளர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகம் ஒப்பமிட்ட வருமானச் சான்று, வீடு காணி விவரம், வங்கி மீதி ஆகியவற்றைப் புறப்படுமுன் எடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். விண்ணப்பத் தவணை பெரும்பாலும் கோடை மாதங்களிலேயே வந்துவிடும். வகுப்புத் தொடங்கிய பின் விசாரித்தால் பிந்திவிடும்.

பெட்டியில் என்ன

கருவாடு கொண்டுபோகலாமா என்பது நம் கரையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீன் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. நன்றாகக் காய்ந்த கருவாட்டைக் காற்றுப் புகாமல் பொதி செய்தால் போதும். தேங்காய்க்கும் தடையில்லை. இறைச்சி, பால் பொருட்கள் கூடவே கூடாது. கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவை தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போனால் பறித்துவிடுவார்கள். மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் முதல் மூன்று மாதத்துக்குப் போதுமான அளவு எடுங்கள். பிறகு மிலானிலேயே வாங்கலாம்.

கனத்த குளிர் உடுப்பை இங்கே தேடி அலைய வேண்டாம். செப்டெம்பரில் இறங்கினால் ஒரு மெல்லிய ஜக்கெட் போதும். ஒக்டோபரில் அங்கே வாரச் சந்தையில் வாங்குங்கள். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், சோற்றுக் குக்கர் வேலை செய்யும். பிளக் மட்டும் வேறு. இரண்டு அடப்டர் எடுங்கள். தினமும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள்.

முதல் எட்டு நாள்

இத்தாலியில் இறங்கிய நாளிலிருந்து எட்டு வேலை நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பெயர் 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ'. விசா உங்களை நாட்டுக்குள் விடும். பெர்மெஸ்ஸோதான் அங்கே இருக்க விடும். முதல் வாரத்தை இப்படிப் பிரியுங்கள்.

முதலாம், இரண்டாம் நாள்: தூங்கி எழுங்கள், தொலைபேசி சிம் வாங்குங்கள், வீட்டுக்குப் பேசுங்கள். இலங்கை நேரம் குளிர்காலத்தில் மிலானை விட நாலரை மணி முந்தியது. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி.

மூன்றாம் நாள்: பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். பொலிதெக்னிக்கோ, ஸ்தாத்தாலே, பிக்கோக்கா எதுவானாலும் இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கையில் கோதிச்சே ஃபிஸ்காலே இல்லையென்றால் எங்கே எடுப்பது என்று அங்கே கேளுங்கள். அதை வழங்குவது 'அஜென்ஸியா தெல்லே என்த்ராதே' எனும் வரி அலுவலகம். அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்: 'ஸ்போர்தெல்லோ அமிக்கோ' என்று எழுதியுள்ள தபாலகத்தில் பெர்மெஸ்ஸோ விண்ணப்ப உறையைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டு, விசா, அனுமதிக் கடிதம், காப்புறுதி, பண வசதிச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை வையுங்கள். உறையை ஒட்டாமல், மூலக் கடவுச்சீட்டோடு கருமபீடத்துக்குப் போக வேண்டும். செலவுக் கணக்கு இது: முத்திரை 16 யூரோ, தபாலகக் கட்டணம் 30, அட்டை அச்சிட 30.46, ஒரு வருடம் வரையான அனுமதிக்கு 40. மொத்தம் 116.46 யூரோ. கட்டணங்கள் மாறக்கூடும், போகும் வாரத்தில் மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தபாலகம் தரும் ரசீதில் 'குவெஸ்தூரா' எனும் பொலிஸ் அலுவலகத்தில் விரல் அடையாளம் கொடுக்க வேண்டிய நாளும் நேரமும் இருக்கும். அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த ரசீதும் கடவுச்சீட்டுமே உங்கள் அத்தாட்சி. ரசீதைப் படம் பிடித்து வீட்டுக்கும் அனுப்புங்கள். விசா முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும் நாட்களில் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ உறவினரைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். அந்த ரசீதுக்கு இத்தாலிக்கு வெளியே ஷெங்கன் நாடுகளில் மதிப்பில்லை.

கூரை

மிலானின் மிகப் பெரிய சிரமம் வாடகை. 2023 மே மாதத்தில் பொலிதெக்னிக்கோ மாணவி ஒருவர் வாடகை உயர்வை எதிர்த்துப் பல்கலைக்கழகத்தின் முன் கூடாரம் அடித்து இரவு தங்கினார். மற்ற நகர மாணவர்களும் தொடர்ந்து கூடாரம் அடித்தார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே அந்த நிலை. தனியறை 600 யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. இருவர் பங்கிடும் அறையில் ஒரு கட்டிலே பலருக்குக் கட்டுப்படியாகிறது. விசாவுக்குக் காட்டும் தொகை வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 யூரோ. மிலானில் அது வாடகைக்கே போய்விடும். பெற்றோர் கடன் வாங்குமுன் இதை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடற்கரையில் வாடி போடப் போகிறவர் முதலில் குடிதண்ணீர் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கூரை அதன் பிறகுதான். மிலானில் அறை தேடும்போது பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா. மாணவருக்கான வாடகை ஒப்பந்தம் 6 முதல் 36 மாதம் வரை எழுதலாம். அதை 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும்; பதிந்த பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். 'நேரோ' என்றால் இத்தாலிய மொழியில் கறுப்பு. பதியாமல் கைக்காசாக வாங்கும் வாடகைக்கும் அதுவே பெயர். ஐம்பது யூரோ குறைகிறதே என்று அதற்குச் சம்மதித்தால் முகவரி அத்தாட்சி கிடையாது, புலமைப்பரிசில் கேட்கும் ஆதாரம் கிடையாது, ஒரே நாளில் வெளியேற்றினாலும் கேட்க நாதியில்லை.

இரண்டு, முற்பணம். சட்டப்படி அது மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. அறையை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்குமுன் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

மூன்று, போக்குவரத்து. பொலிதெக்னிக்கோவும் ஸ்தாத்தாலேயின் அறிவியல் பிரிவுகளும் சித்தா ஸ்தூதி பகுதியில் உள்ளன; பச்சை நிற எம்-2 மெட்ரோவில் பியோலாவில் இறங்க வேண்டும். அந்தப் பாதையில் சற்று எட்டி அறை எடுத்தாலும் நேரே வந்துவிடலாம். 27 வயதுக்குட்பட்டவருக்கு நகர மாதப் பயணச்சீட்டு 22 யூரோ, மற்றவர்களுக்கு 39. ஒருமுறைப் பயணம் 2.20. தினமும் சீட்டு வாங்கினால் 22 யூரோ மாதச் சீட்டின் விலை பத்துப் பயணத்திலேயே போய்விடும். சீட்டில்லாமல் ஏறிப் பிடிபட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும்.

மாமா வீட்டிலோ நானா வீட்டிலோ முதலில் தங்குவது நல்லதே. அப்போதும் ஒரு கடமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை வீட்டில் தங்க வைப்பவர் 48 மணி நேரத்துக்குள் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். "நம்ம பிள்ளைதானே" என்று விட்டுவிடாமல் நீங்களே பணிவாக நினைவூட்டுங்கள்: "மாமா, அந்தப் படிவத்தை நாளைக்கே கொடுத்துவிடுவோம்; எனக்கும் முகவரி வேண்டும், உங்களுக்கும் தண்டம் வராது."

உடம்பு

அவசரத்துக்கு 112. காசு இல்லையே என்று உயிர் ஆபத்தில் அழைக்காமல் இருக்க வேண்டாம்.

சாதாரண நோய்க்குக் குடும்ப வைத்தியர் வேண்டுமென்றால் அரசு சுகாதார சேவையில் சுயவிருப்பாகச் சேரலாம். 2024இலிருந்து மாணவருக்கு அது வருடம் 700 யூரோ. அந்த வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிவது. நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. செப்டெம்பரில் கட்டினாலும் முழுத் தொகை, நான்கு மாதமே பயன். ஆகவே முதல் வருடத்துக்குத் தனியார் காப்புறுதி எடுத்துவிட்டு, தேவையெனில் ஜனவரியில் அரசு சேவையில் சேருவது கணக்குக்கு ஒத்துவரும். நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நீண்டகால நோய் உள்ளவர்கள் மட்டும் கணக்குப் பாராமல் உடனே சேருங்கள்.

வகுப்பும் பரீட்சையும்

நம் பாடசாலைகளில் பரீட்சை என்றால் எழுதுவது. இத்தாலியில் பல பாடங்களில் ஆசிரியரின் முன் அமர்ந்து வாயால் விடை சொல்ல வேண்டும். கற்பிட்டியில் முதல் மாணவராக இருந்தவரும் அந்த நாற்காலியில் வாயடைத்துப் போகலாம். முதல் வாரத்திலிருந்தே படித்ததை நண்பருக்குச் சத்தமாக விளக்கிப் பழகுங்கள்.

புள்ளி 30க்கு, 18க்குக் குறைந்தால் சித்தியில்லை. பெரும்பாலும் ஜனவரி-பெப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டெம்பர் என்று தவணைகள் வரும். ஒன்றில் தவறினால் அடுத்ததில் எழுதலாம். இந்தச் சலுகை ஒரு பொறியும்கூட. அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளினால் வதிவிட அனுமதியிலேயே கை வைக்கும். முதல் வருடத்தில் ஒரு பாடமாவது, பின் வருடங்களில் இரண்டு பாடமாவது சித்தியடைந்தால்தான் மாணவர் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பார்கள். அது முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

பாடநெறி ஆங்கிலத்தில் இருந்தாலும் இத்தாலிய மொழி படியுங்கள். தபாலகக் கருமபீடம், வைத்தியர், வீட்டுக்காரர் எல்லோரும் அந்த மொழிதான். வளர்ந்தோருக்கான அரசு கல்வி நிலையங்களில் குறைந்த செலவில் கற்கலாம். பல்கலைக்கழகமும் வகுப்பு நடத்தும். வென்னப்புவவிலிருந்து போன அம்மாமார் வீட்டுவேலை செய்துகொண்டே பேசக் கற்றுக்கொண்ட மொழி அது. உங்களாலும் முடியும்.

வேலை

மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம், வருடத்தில் 1,040 மணி நேரம் வேலை செய்யலாம். இதற்கு மேல் கூடாது. ஊர்க்காரர் மூலம் வேலை சீக்கிரம் கிடைக்கும். முதியோரைப் பராமரித்தல், துப்புரவு, உணவகச் சமையலறை. கடினமான, மரியாதையான உழைப்பு அது. ஒப்பந்தம் மட்டும் கேளுங்கள். ஒப்பந்தத்தோடு செய்த வேலை சமூகக் காப்புறுதியில் பதியும்; விபத்து நேர்ந்தால் காப்பாற்றும். முதல் ஆறு மாதம் வேலையில்லாமல் சமாளிக்கும் அளவுக்குப் பணம் வைத்துக்கொண்டு போனால் முதல் பரீட்சைத் தவணையைத் தவறவிடாமல் எழுதலாம். பட்டம் முடித்த பின் வேலை தேட 12 மாதம் வரை அனுமதி பெறலாம். நல்ல வருமானம் அப்போது வரட்டும்.

குளிர், சமையல், தனிமை

மிலான் வீடுகளில் பொது வெப்பமூட்டி ஒக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் ஓடும். அதற்கு முன்னும் பின்னும் சில குளிர்ந்த நாட்கள் வரும். ஒரு கனமான போர்வை வைத்திருங்கள். டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்குள் இருட்டிவிடும். வருடம் முழுவதும் ஆறு மணி வரை வெளிச்சம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இருட்டு மனதில் இறங்கும். பகல் வெளிச்சத்தில் தினமும் அரை மணி நேரம் நடந்துவிடுங்கள்.

கருவாடு பொரிக்கும்போது சன்னலைத் திறந்து, அறைத் தோழருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு பிடி அவர் தட்டிலும் வையுங்கள். குப்பையை உணவுக் கழிவு, காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக்-உலோகம், மிச்சம் என்று பிரித்துப் போட வேண்டும்; இதில் தவறினால் கட்டடத்தார் அனைவரோடும் மனஸ்தாபம் வரும். அரிசி, தேங்காய்ப்பால், மசாலாவுக்கு வியா படோவா பக்கம் ஆசியக் கடைகள் உண்டு. காய்கறிக்கு வியாலே பப்பினியானோவில் செவ்வாயும் சனியும் சந்தை கூடும்.

தொழுகைக்கு வியா படோவாவில் இஸ்லாமிய கலாசார நிலையம் இருக்கிறது. நகருக்கு வெளியே செக்ராத்தேயில் 1988இல் திறந்த, குவிமாடமும் மினாராவும் கொண்ட பள்ளிவாசல் உண்டு. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இத்தாலியின் தென்கோடியில் ஒரு காட்சி பழகியதாகத் தெரியும்: சிசிலித் தீவின் பலெர்மோவில் இலங்கைத் தமிழ் இந்துக்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறுகிறார்கள். மடுத் திருவிழா நடக்கும் ஓகஸ்ட் 15, இத்தாலியிலும் பெரிய விடுமுறை. அந்த நாட்களில் மிலானில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். அரிசி பருப்பை முன்பே வாங்கி வையுங்கள்.

1344இல் இப்னு பதூதா நம் புத்தளத்தில்தான் வந்து இறங்கினார். மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவாத மலை எனும் சிவனொளிபாதமலைக்குப் போக யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாகவும், பதினைந்து பேரை உணவு சுமக்கவும் அனுப்பினார். எவ்வளவு உலகம் சுற்றியவருக்கும் புதிய கரையில் வழி தெரிந்த துணை வேண்டியிருந்தது. மிலானில் உங்களுக்கும் வேண்டும். உணவுக்கும் ஆறுதலுக்கும் ஊர்க்காரரிடம் போங்கள். சட்டத்துக்கும் தவணைக்கும் பல்கலைக்கழக அலுவலகத்தைக் கேளுங்கள். ஊர்க்காரர் அன்போடு சொல்லும் விதி பத்து வருடப் பழையதாக இருக்கலாம்.

கொப்பியில் எழுதி வைக்க வேண்டியவை

1. நாட்டுக்குள் வந்த திகதி. எட்டாவது வேலை நாளின் திகதி.
2. கோதிச்சே ஃபிஸ்காலே 16 எழுத்தும்.
3. தபாலக ரசீது இலக்கம். விரல் அடையாள நாள்.
4. வாடகை ஒப்பந்தம் பதிந்த திகதி, கொடுத்த முற்பணம்.
5. காப்புறுதி முடியும் திகதி.
6. பெர்மெஸ்ஸோ முடியும் திகதி. அதற்கு 60 நாள் முந்திய திகதி.
7. ஒவ்வொரு பரீட்சைத் தவணைக்கும் பெயர் பதிய வேண்டிய கடைசி நாள்.

ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். எந்த அலுவலகத்தில் எந்த வரிசை, எந்தப் பிரதி கேட்டார்கள், எவ்வளவு செலவு என்பதையும் அன்றன்று எழுதுங்கள். அடுத்த வருடம் உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ ஒரு தங்கை விசாவோடு வரும்போது அந்தக் கொப்பியை அவளிடம் கொடுங்கள். விதி மாறியிருந்தால் அவள் திருத்தி எழுதிக்கொள்வாள்.